வன்னி வரலாற்றிற் சொல்லும் பொருளும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடு என்னும் ஊரில் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திற் கல்லொன்று நடப்பட்டது. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் அவ்விடத்துக்கு அணித்தாகக் கப்டன் வொன் ட்றிபேக் என்பார் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்னும் செய்தி அதில் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. அஃது ஒரு வாக்கியமே. அதன் எழுவாய் ட்றிபேக், செயப்படுபொருள் பண்டாரவன்னியன், பயனிலை தோற்கடித்தமை. அம்மண்ணிற் பிறந்தோர் அச்செய்தியை எழுதியிருப்பின் எழுவாய் வேறாகியிருக்கும். பயனிலையும் மாறியிருக்கக் கூடும். கல்லை நட்டவர் அவரல்லர்.

வன்னி வரலாறு குறித்து எழும் சொற்போர்களை உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். நிகழ்ச்சி யாது என்பதில் உடன்படுவோரும் அதனை எச்சொல்லாற் கூறுவது என்பதில் முரண்பட்டு நிற்பர். பண்டாரவன்னியன் அரசனா, குறுநிலத் தலைவனா? அவன் நிகழ்த்தியது போரா, கலகமா? வன்னியர் ஒல்லாந்தர்க்குக் கொடுத்தது திறையா, வரியா? இவை அகராதி நோக்கித் தீர்க்கத்தக்க வினாக்கள் அல்ல. ஒரு செயலைக் கலகம் என்று ஒருவர் ஏற்றுக்கொள்வாராயின், ஆளும் உரிமை முன்னரே மற்றொருவனுக்கு உரித்தாயிருந்தது என்பதையும் அவர் ஏற்றவராகின்றார். சொல்லை ஏற்கும்போது அதனுள் அடங்கிய தீர்ப்பையும் ஏற்கின்றோம் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

மேலும், வன்னியைக் காடடர்ந்த உள்நாடு என்றும், உலக நடப்பின் அலை எட்டாத நிலம் என்றும் கருதுவோர் உளர். உண்மை இதற்கு மாறானது. ஆம்ஸ்ரடாமிலும் இலண்டனிலும் பாரிசிலும், அண்மைக்காலத்தில் ஜெனீவாவிலும் நிகழ்ந்தவை இந்நிலத்தின் ஊழைப் பலமுறை திருப்பியுள்ளன. அவ்வாறு திரும்பிய ஒவ்வொரு காலத்தும் அயலார் மொழியிலிருந்து ஒரு புதுச்சொல் வன்னியின்மேல் வந்து படிந்தது. அச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எவருடையவை, எக்காலத்தன, எதனை அளப்பன என்று காண்பது பயனுடைத்து.

வன்னி என்னும் பெயர்

முதற்கண் ஆராயத்தக்கது வன்னி என்னும் பெயரே. காட்டைக் குறிக்கும் வடசொல்லின் அடியாக அது பிறந்தது என்பர் சிலர். நெருப்பைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு எனக் கொண்டு அக்கினி குலக் கதையோடு இணைப்பர் வேறு சிலர். வன்னிமரத்தின் பெயரே நிலத்துக்கு ஆயிற்று என்பாரும் உளர். இம்மூன்றும் சொல்லின் பிறப்பைப் பற்றியவை. வரலாற்று மாணவனுக்குப் பிறப்பைவிட வழக்கே முதன்மையானது.

வழக்கை நோக்கின், வன்னியர் என்னும் சொல் சோழராட்சியின் பிற்பகுதிக் கல்வெட்டுகளிற் படைத்தலைமையும் குறுநிலத் தலைமையும் பூண்டாரைச் சுட்டி வருவதைக் காணலாம். ஈழத்திலும் 13ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துச் சூளவம்சம் வன்னியரசரைக் குறிப்பிடுகின்றது. கலிங்க மாகனின் படையெழுச்சிக்குப் பின்னர் நடுவணரசு தளர்ந்த காலத்திற் காட்டுநிலங்களில் வலிபெற்ற தலைவரே அவ்வாறு அழைக்கப்பட்டனர். வன்னிமை என்னும் ஆட்சி இன்றைய வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு மட்டும் உரியதாய் இருந்ததன்று. திருகோணமலையில் வன்னிமை இருந்ததைக் கோணேசர் கல்வெட்டு கூறும். மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் வன்னிமைகள் இருந்தன. சிங்கள மக்களிடையேயும் வன்னி என்பது இடப்பெயராகவும் தலைமைப் பெயராகவும் வழங்கியது. குருநாகலைப் பக்கத்தில் அவ்வழக்கு இன்றும் எஞ்சி நிற்கின்றது. இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து ஆராய்ந்து நூலெழுதியவர் பேராசிரியர் சி. பத்மநாதன்.

தமிழ்நாட்டில் வன்னியர் என்பது பெருந்தொகையான ஒரு சமூகத்தின் பெயர்; ஈழத்து ஆவணங்களில் அஃது ஒரு பதவியின் பெயராகவே பெரிதும் வருகின்றது. இரண்டுக்கும் தொடர்புண்டா, இல்லையா என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆனால் ஒரு நாட்டு வழக்கை எடுத்து மற்றைய நாட்டு ஆவணத்திற் பொருத்திப் படித்தல் பிழை. இரு கரையிலும் இருப்போர் ஒரே சொல்லைக் கொண்டு வாதிடும்போது, இருவரும் ஒரே பொருளைக் கருதுவதாக எண்ணி மயங்குதல் இயல்பாய் நிகழ்கின்றது.

வன்னிக்கு அடங்காப்பற்று என்னும் பெயரும் உண்டு. பனங்காமம், கரிக்கட்டுமூலை, மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, தென்னமரவடி முதலிய பற்றுகளாகப் பிரிந்து கிடந்த நிலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து நோக்குவார்க்கு அது தம் ஆணைக்கு அடங்காத பற்று. அப்பெயரிற் குறையும் உண்டு, பெருமையும் உண்டு. வரி தண்டச் சென்று வெறுங்கையோடு மீண்டவனுக்கு அது குறை. வரி கொடாது வாழ்ந்தவனுக்கு அது பெருமை. பெயர் ஒன்றே, அதனைச் சொல்பவன் நிற்கும் இடமே வேறு.

யானைத் திறை

1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை அவரிடமிருந்து ஒல்லாந்தர்க்கு மாறியது. இம்மாற்றங்கள் வன்னிக்கு முதலில் யானை வடிவிலேயே தெரியவந்தன. வன்னித் தலைவர் ஆண்டுதோறும் யானை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காட்டிற் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்டன. அத்துறையின் பெயரே அதற்குச் சான்று. ஆங்கு அவற்றைக் கொள்வதற்குக் கொல்கொண்டா, வங்காளம் முதலிய நாடுகளிலிருந்து வணிகர் வந்தனர். எனவே முள்ளியவளைக் காட்டில் அகப்பட்ட ஒரு யானை தக்கணத்து அரசன் ஒருவனின் படையில் நிற்பதற்கும், அதன் விலை ஆம்ஸ்ரடாமிலுள்ள வணிகர் கழகத்தின் கணக்கேட்டில் ஏறுவதற்கும் வழியிருந்தது.

இத்தொடர்பில் ஆளப்பட்ட சொற்கள் ஆராயத்தக்கன. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதியாயிருந்த ஹென்றிக் சுவார்டெகுறூன் 1697ஆம் ஆண்டு தமக்குப் பின் பொறுப்பேற்போர்க்கென ஓர் அறிக்கை எழுதி வைத்தார். வன்னித் தலைவர் செலுத்தத் தவறிய யானைகள் அதிற் கடன் நிலுவையாகவே பேசப்படுகின்றன. வணிகக் கழகம் ஒன்றின் ஊழியர்க்கு அதுவே இயல்பான சொல். தமிழ் மரபிலோ, திறை என்பது வலியவனுக்கு மெலியவன் கொடுப்பது; கொடுத்தவன் தன் நாட்டில் தான் அரசனாகவே இருப்பான். திறை நின்றால் உறவு மாறியது என்பது பொருள். கடனாளி ஆனான் என்பது பொருளன்று. ஆகவே யானை அனுப்பாத வன்னியன் தன் கணக்கில் தன் உரிமையைப் பயன்படுத்தியவன்; கழகத்தின் கணக்கில் வாக்குத் தவறியவன். ஒரே செயலுக்கு இரு பேரேடுகள் இருந்தன. அவற்றுள் எழுத்தாற் பேணப்பட்டது ஒன்றே.

அவ்வறிக்கையில் வரும் வன்னித் தலைவரின் பெயர்களும் நோக்கத்தக்கன. தொன் பிலிப்பு நல்லமாப்பாணன் என்பது போன்ற பெயர்களில் போர்த்துக்கேயர் கொடுத்த ஞானப்பெயரும் மாப்பாணன் என்னும் பழைய தலைமைப் பெயரும் ஒன்றையொன்று விலக்காது நின்றன. பெயரைக் கொண்டு ஒருவனை அயலார் பக்கம் என்றோ நம்மவர் பக்கம் என்றோ எளிதிற் பிரித்துவிட முடியாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கடலுக்கப்பாற் போர்

1780ஆம் ஆண்டு திசம்பரில் இங்கிலாந்து ஒல்லாந்தின்மீது போர் அறிவித்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்ட காலம் அது. அமெரிக்கரோடு ஒல்லாந்தர் கொண்ட வாணிகத் தொடர்பு அப்போருக்கு ஒரு காரணம். அத்திலாந்திக் கடலுக்கப்பால் மூண்ட தீ 1782ஆம் ஆண்டில் வன்னியின் எல்லைக்கு வந்தது. அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றினர். ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுவ்றென் அதனை அவரிடமிருந்து பறித்தார். பின்னர் அமைதி உடன்படிக்கையால் அது மீண்டும் ஒல்லாந்தர்க்கு ஆயிற்று. ஒரு துறைமுகம் சில ஆண்டுகளுள் மூன்று கொடிகளைக் கண்டது.

அவ்வாண்டுகளிலேயே ஒல்லாந்தர் வன்னியைத் திறைநிலமாக விட்டுவைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, படைகொண்டு அடக்கி நேராட்சிக்கு உட்படுத்தினர். அப்பணியில் முன்னின்றவர் லெப்டினன்ட் நேகல் என்பார்; பின்னர் அவரே முல்லைத்தீவிலிருந்து வன்னியை ஆளும் அதிகாரியாகவும் இருந்தார். அடங்காப்பற்று அடக்கப்பட்ட பற்றாயிற்று. வன்னியர் என்னும் பதவிப்பெயர் வெறும் குடிப்பெயராகத் தேயத் தொடங்கியது அக்காலத்திலேயே ஆகும்.

அடுத்த திருப்பம் 1795ஆம் ஆண்டில் நேர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்தினுள் நுழைந்தன. அந்நாட்டுத் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, பெப்ரவரி மாதத்தில் கியூ என்னுமிடத்திலிருந்து தம் குடியேற்ற நாடுகளின் அதிகாரிகளுக்குக் கடிதங்கள் விடுத்தார். பிரெஞ்சுக்காரரிடமிருந்து காக்கும்பொருட்டு ஆங்கிலப் படைகளை நண்பராக ஏற்றுக்கொள்க என்பது அவற்றின் கருத்து. பாதுகாப்பு என்னும் சொல்லோடு வந்த படை, ஓகஸ்டில் திருகோணமலையை முற்றுகையிட்டுப் பிடித்தது. செப்தெம்பரில் யாழ்ப்பாணம் பணிந்தது. அதனைத் தொடர்ந்து முல்லைத்தீவும் அதன் கைப்பட்டது. 1796 பெப்ரவரியிற் கொழும்பும் வீழ்ந்தது. 1802ஆம் ஆண்டு அமியன்ஸ் உடன்படிக்கை இலங்கையின் கரையோரத்தை ஆங்கில அரசுக்கே உரியதாக்கியது. அவ்வுடன்படிக்கை பிரான்சில் எழுதப்பட்டபோது வன்னி எவருடையது என்று வன்னியிலிருந்த எவரையும் கேட்டாரில்லை. ஏழாண்டுகளிற் பாதுகாப்பு என்னும் சொல் உடைமை என்னும் பொருளைப் பெற்றுவிட்டது.

1803

இப்பின்னணியில் வைத்தே பண்டாரவன்னியனின் செயலைக் காணல் வேண்டும். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்துத் தமக்கு இணங்கிய ஒருவனை அரசு கட்டிலில் ஏற்றினர். யூன் மாதத்திற் கண்டியர் அப்படையைச் சூழ்ந்து அழித்தனர். ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் ஆட்சி மீண்டும் நிலைபெற்றது. கரையோரக் கோட்டைகள் பல திசையிலும் தாக்கப்பட்டன. கண்டியரசோடு தொடர்பு கொண்டிருந்த பண்டாரவன்னியன் ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவைத் தாக்கினான். ஆங்குக் காவற்படைத் தலைவராயிருந்தவர் ட்றிபேக். ஆங்கிலக் கொடியின்கீழ்ப் பணிபுரிந்த அவரது குடிப்பெயர் ஜெர்மானியப் பெயர். அவர் கோட்டையைக் கைவிட்டுப் படகேறி யாழ்ப்பாணம் சென்றார். வன்னியின் பெரும்பகுதி சில கிழமைகள் ஆங்கிலேயர் ஆணைக்குப் புறம்பாயிற்று.

பின்னர் ஆங்கிலப் படைகள் ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளிலிருந்து வன்னிக்குள் ஏவப்பட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட ட்றிபேக் ஒக்டோபர் 31ஆம் நாள் வைகறையிற் கற்சிலைமடுவில் எதிர்பாராத வகையிற் பாய்ந்து பண்டாரவன்னியனின் படையைச் சிதறடித்தார். இரு மாதங்களுக்கு முன் ஓடியவர் இம்முறை வென்றார். கல்லில் இடம்பெற்றது இரண்டாவது நிகழ்ச்சி மட்டுமே.

இந்நிகழ்ச்சிக்கு ஆங்கில ஆவணங்கள் இட்ட பெயர் கலகம். 1895ஆம் ஆண்டு வெளிவந்த ஜே. பி. லூயிஸ் என்பாரின் வன்னி மாவட்டக் கையேடு அரிய செய்திகள் பலவற்றைத் தொகுத்துத் தந்தது. அந்நூல் இல்லையேல் வன்னியைப் பற்றி இன்று அறிவன பலவற்றை அறிதல் இயலாது. எனினும் அதுவும் அரசாங்க அதிகாரி ஒருவர் அரசாங்கக் கடிதங்களிலிருந்து தொகுத்த நூலே. அதில் வரும் செய்தியை நன்றியோடு ஏற்பதும், அதில் வரும் சொல்லை எடைபோட்டு ஏற்பதும் வேண்டற்பாலன. கரையோரம் ஆங்கிலேயர்க்கு உரித்தானது என்று அமியன்சில் எழுதப்பட்டு அன்று ஈராண்டுகளும் நிரம்பவில்லை. கண்டியரசு அவ்வுடன்படிக்கையிற் பங்குகொள்ளவில்லை. கண்டியோடு சேர்ந்து போரிட்ட ஒருவனைக் கலகக்காரன் என்பது, பிரான்சில் இடப்பட்ட கையொப்பம் பனங்காமத்திலும் செல்லும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதாகும்.

மறுதலையாக, தமிழர் பக்கத்துச் சொற்களும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டன அல்ல. பண்டாரவன்னியன் ஒக்டோபர் 31ஆம் நாள் களத்தில் வீழ்ந்து மடிந்தான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. கல்லோ தோற்கடித்தமையை மட்டும் கூறுகின்றது, கொன்றமையைக் கூறவில்லை. பிற்கால ஆங்கிலக் கடிதங்களைக் கொண்டு அவன் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1811ஆம் ஆண்டளவில் இறந்தான் என்று கொள்வோர் உளர். தோல்வியும் மரணமும் ஒன்றல்ல. தோற்றபின் ஏழெட்டு ஆண்டுகள் காட்டிலிருந்து எதிர்த்து நின்றவன், ஒரே நாளில் வீழ்ந்தவனிலும் சிறியவன் ஆகான். ஆயினும் வீரவணக்கத்துக்கு ஒரு நாளும் ஒரு களமும் தேவைப்பட்டமையால், தோல்வி என்னும் சொல் மரணம் என்னும் பொருளுக்கு நீண்டது போலும். பின்னாளில் முல்லைத்தீவில் ஓகஸ்ட் 25ஆம் நாளை வெற்றி நாளாகக் கொண்டாடும் வழக்கமும் எழுந்தது. ஒரு வரலாறு இரு நாட்களில் நினைக்கப்படுகின்றது; எந்த நாளைத் தேர்வது என்பதும் ஒரு சொல்லைத் தேர்வது போன்றதே.

இலக்கியம் அவனுக்கு வேறொரு வாழ்வை அளித்தது. முல்லைமணி என்னும் பெயரால் அறியப்பட்ட வே. சுப்பிரமணியம் அவனை நாடகத் தலைவனாக்கினார். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி எழுதிய புதினம் பண்டாரக வன்னியன் என்னும் வடிவத்தில் அப்பெயரைப் பரப்பியது. வன்னியில் வழங்கும் பெயர் ஒன்று, கடல் கடந்து புகழ்பெற்ற பெயர் மற்றொன்று. புதினத்தைப் படித்தார் புதினத்தின் பெயரையும் நிகழ்ச்சிகளையும் வரலாறெனக் கொண்டு வாதிடும்போது சான்றும் கற்பனையும் கலந்துவிடுகின்றன. நாடகத்துக்கும் புதினத்துக்கும் உரிய இடம் உண்டு. அவ்விடம் ஆவணத்தின் இடமன்று.

காக்கை வன்னியன்

வன்னி வழக்கில் மிகக் கொடிய சொற்களுள் ஒன்று காக்கை வன்னியன் என்பது. பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் என மரபு கூறும் தலைவனின் பெயர் அது. இன்று காட்டிக்கொடுப்போன் எவனாயினும் அவனுக்கு அப்பெயர் இடப்படுகின்றது. பாண்டிநாட்டில் எட்டப்பன் என்னும் பெயர் பெற்ற நிலை அதற்கும் வாய்த்தது. ஆயின் காக்கை வன்னியன் என்னும் பெயர் 1803ஆம் ஆண்டிற்கு மிக முந்தியது. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிற் சங்கிலியைப் பறங்கியர்க்குக் காட்டிக்கொடுத்தவனாக ஒரு காக்கை வன்னியன் வருகின்றான். இரு வேறு நூற்றாண்டுகளில், இரு வேறு அரசர்களை, இரு வேறு அயலார்க்குக் காட்டிக்கொடுத்தவர்க்கு ஒரே பெயர் வழங்குகின்றது.

இருவரும் உண்மையிலேயே ஒரே பெயரினர் என்று கொள்ள இடமுண்டு. பழங்கதையிலிருந்த பெயர் பிற்கால நிகழ்ச்சியின்மேல் ஏற்றப்பட்டது என்று கொள்ளவும் இடமுண்டு. எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. காட்டிக்கொடுத்தவன் என்னும் ஓர் ஆள் கதையில் வந்தவுடன், தோல்விக்குரிய ஏனைய காரணங்கள் மறைந்துவிடுகின்றன. பல திசையிலிருந்தும் படை வந்தமை, கண்டியின் உதவி போதாமை, பீரங்கியும் வெடிமருந்தும் ஒருபுறமாய்க் குவிந்திருந்தமை முதலியவற்றை எவரும் ஆராய்வதில்லை. துரோகி என்னும் சொல் விடையைப் போலத் தோன்றி வினாவை முடித்துவிடுகின்றது. அச்சொல் நிகழ்கால மாந்தர்மேல் வீசப்படும்போது அதன் தீங்கு ஆராய்ச்சியோடு நில்லாமல் உயிருக்கும் ஊறாய் முடிந்ததை வன்னி தன் அண்மை வரலாற்றில் அறிந்திருக்கின்றது.

விடுவிக்கப்பட்டதும் விடுவிக்கப்படாததும்

1990களிலும் அதன்பின்னரும் வன்னியின் பெரும்பகுதி தமிழீழ விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் அந்நிலப்பகுதியை அரசாங்கச் செய்தி விடுவிக்கப்படாத பகுதி என்றது. புலிகள் தரப்பு விடுவிக்கப்பட்ட பகுதி என்றது. மண் ஒன்று, வினையடி ஒன்று. இடையில் ஓர் எதிர்மறை இடைநிலை மட்டுமே வேற்றுமை. அடங்காப்பற்று என்னும் பழம்பெயரின் இரட்டைப் பொருள் புதிய உடையில் மீண்டும் வந்தது எனலாம். ஓமந்தையிற் சோதனைச் சாவடியைக் கடந்து சென்றவர், வீதியோடு சொல்லின் பொருளையும் கடந்து சென்றார்.

2009ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி அரசாங்கப் படையினர் வசமானது. அம்மாதத்திலேயே முல்லைத்தீவு நகரும் அவ்வாறாயிற்று. மே மாதம் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. அம்மாதங்களில் உலகின் செய்தித்தாள்களும் வானொலிகளும் வன்னியைப் பேசின. 1803இல் வன்னிச் செய்தி இலண்டனை அடையப் பல மாதங்கள் ஆயின. 2009இல் அது மணிக்கணக்கில் அடைந்தது. விரைவு மிகுந்தது, சொற்பூசல் குறைந்ததில்லை.

அரசாங்கம் அப்போரை மனிதாபிமான நடவடிக்கை என்றது. ஒடுங்கிக்கொண்டு வந்த நிலத்தில் அடுத்தடுத்து மூன்று பாதுகாப்பு வலயங்கள் அறிவிக்கப்பட்டன. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த வல்லுநர் குழு 2011ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, அவ்வலயங்களின்மேலும் அரசாங்கப் படைகளின் எறிகணைகள் வீழ்ந்தமைக்கு நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது. மக்களை வெளியேற விடாது தடுத்தமை, வெளியேற முயன்றோரைச் சுட்டமை ஆகியன குறித்துப் புலிகள்மீதும் அவ்வறிக்கை குற்றஞ்சாட்டியது. வெளியேறி வந்த மூன்று இலட்சத்துக்கு அணித்தான மக்களிற் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய இடங்களில் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். அரசாங்க வழக்கில் அவை நலன்புரி நிலையங்கள். உள்ளே இருந்தோர் வழக்கில் அவை முகாம்கள். வெளியே செல்ல விடப்படாமையைக் கருதித் தடுப்பு முகாம்கள் என்றாரும் உளர். 2012 செப்தெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. அங்கு வாழ்ந்தார் எச்சொல்லை ஆளுகின்றார் என்பதைக் கேட்டறியாமல் அதன் வரலாற்றை எழுதுதல் முறையன்று.

எண்ணும் ஒருவகைச் சொல்லே. 40,000 வரையிலான குடிமக்கள் இறந்திருக்கலாம் என்று வல்லுநர் குழு கூறியது. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 சனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வேறொரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரிற் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தோர் 429,059 பேர். பின்னர் அரசாங்கப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு யாது நேர்ந்தது என்று அவர் வினவினார். அவர் ஆண்ட சொல் கணக்கில் வராதோர் என்பது. சொல்லாடலிற் பலர் அதனை இறந்தோர் என்று மாற்றிக் கூறுவர். மறுப்போர் அம்மாற்றத்தைப் பற்றிக்கொண்டு கணக்கு முழுவதையும் தள்ளிவிடுவர். ஆயர் கேட்ட வினா விடையின்றி நிற்கின்றது. சொல்லைச் சற்றே மிகுத்துக் கூறியதால் வலுத்தது எதிர்வாதமே. தேடும் தாய்மாரின் வழக்கு அதனால் வலுப்பெறவில்லை.

உலக அரசியலின் போக்கும் இவ்விடத்து நோக்கத்தக்கது. 2009 மே 27ஆம் நாள் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் சிறப்பமர்வு இலங்கை அரசுக்குச் சார்பான தீர்மானத்தை நிறைவேற்றியது. சார்பாக 29 நாடுகள், எதிராக 12 நாடுகள், நடுநிலையாக 6 நாடுகள் வாக்களித்தன. பல செய்திகளில் ஒன்றையொன்று எதிர்க்கும் இந்தியாவும் பாகிஸ்தானும் அன்று ஒரே பக்கத்தில் நின்றன. சீனாவும் உருசியாவும் அவற்றோடு நின்றன. அமியன்சிற் போலவே, வன்னியைப் பற்றிய முடிவு வன்னியின் பொருட்டு மட்டும் எடுக்கப்பட்டதன்று. இறைமை என்னும் சொல் ஒரு பக்கத்திலும் மனித உரிமை என்னும் சொல் மறுபக்கத்திலும் முழங்கின. ஒவ்வொரு நாடும் தன் நலத்துக்கேற்ற சொல்லை எடுத்துக்கொண்டது.

இனப்படுகொலை என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. 1944ஆம் ஆண்டு றபாயேல் லெம்கின் என்னும் சட்டவறிஞர் ஆக்கிய புதுச்சொல்லின் தமிழாக்கம் அது. 1948ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் அதற்கு வரையறை உண்டு. ஓர் இனத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் உள்நோக்கம் அவ்வரையறையின் உயிர்நிலை. 2015 பெப்ரவரி 10ஆம் நாள் வட மாகாண சபை அச்சொல்லைத் தன் தீர்மானத்திற் பதித்தது. 2022 மே 18ஆம் நாள் கனடாவின் நாடாளுமன்றம் அச்சொல்லோடு ஒரு நினைவுநாளை ஏற்றது. இலங்கை அரசாங்கம் அதனை மறுக்கின்றது. இச்சொல்லை ஆள்வோரும் மறுப்போரும் இறந்தோரின் தொகையைப் பற்றியே பெரிதும் வாதிடுகின்றனர். சட்டத்தின் வினாவோ உள்நோக்கத்தைப் பற்றியது. அதற்கு வேண்டுவன கட்டளைகள், ஆவணங்கள், சாட்சியங்கள். அவற்றைத் தேடித் தொகுப்பதே அச்சொல்லுக்கு உரியவர் ஆற்றத்தக்க தொண்டு.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், வன்னியைப் பற்றிய வாதங்களிற் சொல் வருமிடந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம் என்பது பெறப்படும். இச்சொல் எவர் வாயிலிருந்து வந்தது? எக்காலத்தில் அதற்கு அப்பொருள் இருந்தது? அது நிகழ்ச்சியைக் கூறுகின்றதா, நிகழ்ச்சியின் மேலான தீர்ப்பைக் கூறுகின்றதா? இவ்வினாக்களை அயலார் சொற்கள்மீது மட்டும் தொடுத்து, தம்மவர் சொற்களை அவ்வாறே விட்டுவிடுவது நடுவுநிலை ஆகாது. கலகம் என்னும் சொல்லை ஆராய்பவர் துரோகி என்னும் சொல்லையும் ஆராய வேண்டும். பாதுகாப்பு வலயம் என்பதை வினவுபவர் விடுவிக்கப்பட்ட பகுதி என்பதையும் வினவ வேண்டும்.

இன்றைய நிலையிலும் வன்னி என்னும் பெயர் ஓரெல்லையில் நிற்கவில்லை. நிலநூலார்க்கும் மக்கட்கும் கிளிநொச்சி வன்னியின் ஒரு பகுதி. தேர்தற் சட்டத்திலோ வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும். கிளிநொச்சியார் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கின்றனர். வன்னியில் இத்தனை பேர் வாக்களித்தனர் என்னும் செய்தியைப் படிப்பவர், எந்த வன்னி என்று முதலிற் கேட்டல் வேண்டும்.

கற்சிலைமடுக் கல் 2010ஆம் ஆண்டில் உடைந்த நிலையிற் காணப்பட்டது என்று செய்தி வந்தது. பகைவன் நட்ட கல் என்று அதனை ஒருவர் கருதலாம். தம் வீரனின் பெயரைத் தாங்கிய கல் என்று மற்றொருவர் போற்றலாம். இரண்டும் பொருந்தும். அயலவன் மொழியில், அயலவனை எழுவாயாகக் கொண்டு எழுதப்பட்ட ஒரு வாக்கியமே எனினும், பண்டாரவன்னியன் என ஒருவன் இருந்தான், ஒரு நாளில் ஓரிடத்தில் எதிர்த்து நின்றான் என்பதற்கு அது சான்றாய் நின்றது. சொல் பிழைபட்டதாயின் திருத்திக்கொள்ளலாம். கல்லே இல்லையாயின் திருத்துதற்கும் ஒன்றுமில்லை.